சுண்ணாம்பு டப்பா

– அதான் சொல்றேனே ஜெயலக்ஷ்மி, பழமெல்லாம் எதுக்கு? குழந்தையைக் காட்டு போதும். மாஷா அல்லா! கன்னத்தைப் பாரேன்!

– இன்னா கத்து கத்தறா டாக்டரம்மா! என் மரு அவ தொண்டைக்குப் போயிடுமோன்னு பயந்தேனே, தொண்டை கணீர்னு கீது. இன்னொண்ணு கேக்கணும். திட்டக்கூடாது.

– உன்னைத் திட்டினது ஒரே நாள்தான்மா. அஞ்சு மாச வயித்தோட, மறைவான இடத்துல வெத்தலைச் சுண்ணாம்பைத் தடவி வெந்து போய் வந்தியே! அன்னைக்குக் கொஞ்சவா முடியும்?

– பாலுண்ணின்னு நெனச்சுக்கினேன். கழுத்துல வந்தா அதானே வெப்பாங்க? மாசமா இருக்கசொல்ல அது பெருசாய்க்கினே போச்சு. யாராண்ட காட்டறது? வெக்கம். நீங்கதான் வாராவாரம் மருந்து தொட்டு வெச்சு எரிச்சீங்க. இந்தக் கைக்கு நான் இன்னா செய்வேன்!

– இப்ப ஒண்ணுகூட இல்லை. பிள்ளை பெத்தா மிச்சமும் வத்திடும்னு சொன்னேன்ல?

– வயித்தைக் கீறாமலே பொறக்கும்னும் சொன்னீங்க. அதைவிடப் பெருசு, என் வூட்டுக்காரரைக் கூப்ட்டுப் பேசினதுதான். 'யார் குட்த்தான் இத்த?'ன்னு பெட்டியக் கட்டச் சொன்ன ஆளு அவுரு.

– கேளும்மா, உன் புருஷன் கபாலிகிட்ட உள்ளதைத்தான் சொன்னேன். இந்தக் கிருமி வருஷக்கணக்கா உடம்புல தூங்கும். யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு டாக்டர் எனக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்னேன்.

– அப்புறம் அவுரே கட்டுன பெட்டியப் பிரிச்சு வெச்சாரு.

– ஆமா, முதல்ல உன்னை இங்க அனுப்பினது யாரு?

– எங்க அத்தை. நான் சுண்ணாம்பு எடுத்தது அத்தையோட டப்பாலேர்ந்தாச்சே! 'வெத்தல போடாத மருமவளுக்கு சுண்ணாம்பு எதுக்குடி?'ன்னு கேட்டுச்சு. அழுதுட்டேன். 'அஸ்மத்துன்னிசா டாக்டராண்ட காட்டு'ன்னு கையப் புடிச்சு உங்க வாசல் வரிக்கும் இட்டாந்து வுட்டுச்சு. அவுரு பெட்டியத் தூக்கசொல்லயும், 'எம் மருமவ எங்கயும் போவ மாட்டா'ன்னு குறுக்க நின்னுச்சு. சாமி டாக்டரம்மா அது.

– மாமியார்னா இப்படி இருக்கணும்! அன்னைக்கு உள்ள வரவே இல்லையே? இன்னைக்காவது கூட்டிட்டு வந்திருக்கலாம்.

– வந்துகீது. பறக்கும் ரயிலு தூணு நெழல்ல உக்காந்துக்கினு கீது. உள்ள வர மாட்டேங்குது.

– ஏன்? வெக்கமா?

– விடியக்காத்தால நாங்க எழுந்துக்கறதுக்குள்ள தெனம் பொடவய அலசுது. 'தூரம் நின்னு பத்து வருசமான பொம்பளைக்கு கறை எப்படி அத்தை?'ன்னு நேத்து கேட்டேன். அதுவும் அழுதுடுச்சு. நாலு மாசமா ரத்தம் படுதாம். இந்தவாட்டி நான் கையப் புடிச்சு வாசல் வரிக்கும் இட்டாந்துட்டேன், டாக்டரம்மா. உள்ள நீங்க கூப்டுங்க.