கூடத்துக்கு நடுவே ஒரு கடக்கால்

தாயாரம்மாள்: ...இந்த வூட்டு பிளான்ல என் கண்ணுக்கு எல்லாம் எறும்பு சாரி போன மாதிரிதான் கீது. நீ சொல்லுடி கனகா, இது இன்னா கோடு?

கனகா: முழுக்கோடு போட்டா அது செவுரு, அக்கா. ரெண்டு பக்கமும் புள்ளிபுள்ளியா போவுது பாருங்க, அது மண்ணுக்குள்ள போற கடக்கால். செவுர வுட அகலமா இருக்கும்.

தாயாரம்மாள்: ஓவர்சீயர் தங்கச்சின்னா சும்மாவா! அப்ப இது?

கனகா: அடுப்பங்கரை. இது உங்களுக்கும் மாமாவுக்கும் ரூம்பு. இது எனக்கும் உங்க கொழுந்தனாருக்கும்.

தாயாரம்மாள்: இந்தப் பெரிய கட்டம்?

கனகா: கூடம். உங்க மூணு, என்து ரெண்டு... பசங்க அஞ்சும் பொரளலாம்.

தாயாரம்மாள்: நடுவுல குறுக்கால ஒண்ணு போவுதே...

கனகா: அது... காயிதம் மடிச்ச தடம்க்கா.

எல்லப்பன்: மடிச்ச தடமா? அதுக்குத்தான் நான் காலைல மூணடி அகலத்துக்கு சுண்ணாம்புக் கோடு போட்டேனா?

கனகா: மேஸ்திரி, நீங்க போயி மம்முட்டியப் பாருங்க.

எல்லப்பன்: பாத்துக்கினுதான் கீறேன். ஐயரு வந்து பூஜை போட்டாத்தான வெட்டறது? அவரக் கூட்டியாரத்தான் அண்ணனும் தம்பியும் உத்திரமேரூர் போயிகீறாங்க. ஒரே சைக்கிள்ல, இந்த வயசுலயும் டபுள்ஸ்!

தாயாரம்மாள்: பேச்ச மாத்தாதய்யா. கனகா, அடுத்த தாளப் பாரு. கூடத்து நடுவுல செவுரு கீதா?

கனகா: இல்ல... மேல ஒண்ணியும் இல்ல.

தாயாரம்மாள்: கீழ மட்டும் கடக்காலா?

கனகா: ஆமாக்கா... வெளிச் செவுத்துக்கு இன்னா அளவோ, அதே அளவு.

தாயாரம்மாள்: செவுரே இல்லாத எடத்துல கடக்கால் எதுக்கு மேஸ்திரி?

எல்லப்பன்: என்னக் கேட்டா? என்னிக்காவது வூட்ட ரெண்டாக்கணும்னா... தரைய ஒடச்சு நோண்ட வோணாம். அப்டியே செவுரு எழுப்பிக்கலாம்.

தாயாரம்மாள்: ரெண்டாக்கறதா! மானாம்பதிக்கு கரண்ட்டு வந்த வருசத்துலேர்ந்து ஒரே ஒலையில பொங்கித் தின்றோம்யா!

கனகா: அதான! டிராயிங்காரரு தூக்கக் கலக்கத்துல போட்டுட்டாரு போல.

எல்லப்பன்: அப்ப பேஜாரே இல்ல. கால்ல தேச்சு அழிச்சுட்டாப் போச்சு. தோ...

கனகா: இருங்க!

தாயாரம்மாள்: யோவ், கால எடு!

எல்லப்பன்: எடுத்துட்டேன், எடுத்துட்டேன்...

தாயாரம்மாள்: நீ ஏன்டி கத்துன?

கனகா: நீங்க ஏன்க்கா கத்துனீங்க?

தாயாரம்மாள்: நானு... அது வந்து... சரி, ஒளிச்சு இன்னா ஆவப்போவுது. நான்தான்டி மேஸ்திரிகிட்ட சொல்லிப் போடச் சொன்னேன். கோச்சுக்காத.

கனகா: நீங்களா?

தாயாரம்மாள்: ஏன்டி அப்டிப் பாக்கற...

கனகா: அக்கா... நானும் சொன்னேன்.

தாயாரம்மாள்: அடிப்பாவி!

கனகா: எங்க நைனாவும் பெரியப்பாவும் பாகம் பிரிச்சப்ப, அடுப்பங்கரைக்கு நடுவால மண்செவுரு வெச்சாங்கக்கா. தலைக்குத் தல சண்ட. கெணறு அந்தப் பக்கம் பூட்ச்சு. அப்பால பெரியம்மா மொகத்தயே நான் பாக்கல. உங்க மொகத்தயும் அப்டிப் பாக்காமப் பூடுமோன்னு... பயமா கீதுக்கா. செவுரு வந்தாலும் சண்ட இல்லாம வரட்டுமேன்னுதான்...

தாயாரம்மாள்: அழுவாதடி. நானும் அத்ததான் நெனச்சேன். நமக்குள்ள இன்னா கீது? நாளைக்கு அஞ்சு மருமவளுங்க வருவாளுங்களே, அவளுங்க உன்ன மாதிரி இருப்பாளுங்களா?

கனகா: க்கும்... உங்கள மாதிரியுந்தான் இருக்க மாட்டாளுங்க.

தாயாரம்மாள்: சிரிக்கிறாரு பாரு மேஸ்திரி! ரெண்டு பேரும் தனித்தனியா வந்து சொல்லியும் வாயத் தொறக்கலியே, பலே ஆளுய்யா நீ!

எல்லப்பன்: சத்தியம் வாங்கிக்கினீங்களேம்மா, ஆளுக்கு ஒண்ணு...

கனகா: அக்கா, சைக்கிள் மணி! வந்துட்டாங்க. இது மட்டும் அவுங்களுக்குத் தெரியவே கூடாது.

தாயாரம்மாள்: தெரிஞ்சா அவ்ளோதான். ஒருத்தர வுட்டு ஒருத்தர் டீத்தண்ணி குடிக்காதவங்க... மனசு ஒடைஞ்சிடும். யோவ் மேஸ்திரி, மூச்சு வுட்டுறாத!

எல்லப்பன்: வுட மாட்டேம்மா. நீங்க சொல்றதுக்கு முன்னாலயே ஒருநாள் பெரியவரு, இன்னொருநாள் சின்னவரு... தனித்தனியா வந்து இதே கடக்காலத்தான் போடச் சொன்னாங்க. போறப்ப ரெண்டு பேரும் சொன்னது ஒண்ணுதான்... ‘வூட்டுப் பொம்பளைங்களுக்குத் தெரியக் கூடாது மேஸ்திரி. கூடப் பொறந்தவங்க மாதிரி கீறாங்க, தாங்கமாட்டாங்க.’