பத்தொன்பதாம் நாள் காய்ச்சல்

மழைக்காலத்தில் எங்கள் வீட்டு உப்பு ஜாடியில் கொஞ்சம் அரிசி போட்டு வைப்பேன், சார். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏரிக் காற்று. உப்பு ஒரே நாளில் கசிந்துவிடும். மருந்தும் அப்படித்தான். வெளியே பார்த்தால் அதே வெள்ளைத் தூள். உள்ளே படிகம் வேறாகிவிட்டிருக்கும். இது உங்களுக்குப் புரிந்துவிட்டால் மீதி சுலபம்.

எங்கள் ஆய்வகத்தில், உடைந்த எலும்பின் இடைவெளியை நிரப்பும் மணிகள் செய்தோம். ரவை அளவுதான் இருக்கும். சீழ் பிடிக்காமலிருக்க அவற்றுக்குள் ஒரு மருந்து. எலும்பு கூடக் கூட அது கரைந்து இறங்க வேண்டும். ஒன்பது வருட வேலை. பன்னிரண்டு பேருக்கு வைத்தோம். பன்னிரண்டு பேரும் நடந்தார்கள்.

நவம்பரில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் நான்கு நாள் பழுதாகிக் கிடந்தது. திங்கட்கிழமை என் மாணவி ஷபீனா மணிக்குள் இருக்கும் மருந்தின் படிகத்தைக் காட்டும் எக்ஸ்ரே வரைபடத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"மேடம், கிரிஸ்டல் மாறிடுச்சு. தண்ணியில போட்டா கரையவே மாட்டேங்குது. வியாழக்கிழமை சர்ஜரி இருக்கே, ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடலாமா?"

"நான் சொல்லிக்கிறேன்மா, நீ வீட்டுக்குப் போ" என்றேன். நம்பினாள். நல்ல பெண். உங்களிடம் புகார் கொடுத்தது அவள்தான் என்று தெரியும். எனக்கு அதில் வருத்தமில்லை.

போனைக் கையில் எடுத்தேன், அது உண்மை. எண்ணும் போட்டேன். பிறகு ஒன்று தோன்றியது. கண்ணாடிக் குழாயில் கரையாத படிகம் மனித எலும்புக்குள் போனால் என்ன ஆகும்? உடம்புச் சூட்டில் பழையபடி மாறிவிடுமா? யாரும் பார்த்ததில்லை. பார்க்க யாரும் அனுமதி தரவும் மாட்டார்கள். போனை வைத்துவிட்டு, கோப்பில் போன மாத வரைபடத்தைச் சொருகிக் கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை அயூப் என்பவருக்கு வைத்தார்கள். அனகாபுத்தூரில் பைக் மெக்கானிக், முப்பத்து நான்கு வயது. லாரி மோதிக் கணுக்காலுக்கு மேலே எலும்பு சிதறியிருந்தது. வாரம் இருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். என் ஸ்கூட்டர் சத்தத்தைப் படுத்தபடியே கேட்டுவிட்டு, "பிரேக் ஷூ தேஞ்சி போச்சு மேடம். காலு சரியாவட்டும், நானே மாத்திக் குடுக்கறேன்" என்றார்.

பத்தொன்பதாம் நாள் அவர் மனைவி மெஹர் பானு போன் செய்தாள். "மேடம், காலு நெருப்பு மாதிரி எரியுதுன்றாரு. ஒடம்பு அனலா கீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவட்டா?"

"எலும்பு கூடும்போது அப்படித்தாம்மா இருக்கும். காய்ச்சல் மாத்திரை குடு. நானே வந்து பாக்கறேன்."

போனேன். நூற்று மூன்று டிகிரி. கட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஊறியிருந்ததைத் துடைத்து ஒரு சீசாவில் எடுத்துக்கொண்டேன். "டாக்டராண்ட சொல்லிட்டீங்களா மேடம்?" என்று மெஹர் பானு கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். அடுத்த ஆறு நாளும் போனேன். ஆறு நாளும் அதே கேள்வி, அதே பதில். கடைசி நாள் அயூப் என்னைத் தன் அக்கா என்று நினைத்துப் பேசினார். அதையும் நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் அவளே ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனாள். காலை வெட்டி எடுத்தும் பயனில்லை. விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. மறுநாள் மத்தியானம் இறந்துபோனார்.

வெட்டிய காலிலிருந்து ஒரு துண்டு எலும்பைக் கேட்டு வாங்கினேன். படிகம் மாறவேயில்லை, சார். வைத்தது வைத்தபடி இருந்தது. அவ்வளவு தெளிவான வரைபடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆமாம், தெரிந்தேதான் வைக்கவிட்டேன். தெரிந்தேதான் ஏழு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

மெஹர் பானு இப்போதெல்லாம் என் போனை எடுப்பதில்லை. துக்கம், பாவம். கட்டுரை வெளிவந்ததும் ஒரு பிரதியோடு நேரில் போகலாம் என்றிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் அயூப் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருக்கிறேன். அதைப் பார்த்தால் அவளுக்கு மனம் ஆறிவிடும்.