இரண்டு துளை கீழே

வாக்கர் வாங்குகிறவர்கள் பலரும் அதன் உயரத்தைச் சரிபார்ப்பதில்லை, மேடம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டுக்கு நேரே வர வேண்டும். நாலு காலிலும் வரிசையாகத் துளைகள் இருக்கும். பொத்தானை அமுக்கி ஏற்றலாம், இறக்கலாம். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது பிசியோதெரபி செய்ய வந்த அக்தர் பானுதான். அந்தப் பெண் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் டெல்பின். வயது ஐம்பத்தொன்று. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் இருபத்தைந்து வருடம் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா ரேமண்டுக்கு எழுபத்தொன்பது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அம்மா இறந்தபின் பதினொரு வருடம் நானும் அவரும் ஒரே வீட்டில் இருந்தோம். காலையில் பூசைக்குப் போவார். சாயங்காலம் டவுன் பஸ் ஏறிக் கொக்கிரகுளத்தில் இறங்கி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடற்கரையில் பிறந்தவருக்குத் தினமும் கொஞ்சம் தண்ணீரைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் மஸ்கட்டில் இருக்கும் தம்பி ஜெர்வினிடம் போனில் அரைமணி நேரம் பேசுவார். என்னிடம் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்வார்.

ஜனவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் ஆயிற்று. நான் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தேன். அவரை எழுப்பி உட்கார வைக்கும்போது இரண்டு கையையும் என் கழுத்தில் கோத்துக்கொள்வார். "ஏளா டெல்பின், விட்டுராத" என்பார். எனக்கு விவரம் தெரிந்து அப்பா என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒன்றையும் மறைக்கக் கூடாது என்றீர்கள்.

அவர் சீக்கிரமாகவே தேறினார். பானு வாரம் மூன்று நாள் மேலப்பாளையத்திலிருந்து வருவாள். "ஐயா பிடிவாதக்காரவுக. அடுத்த மாசம் தனியாவே பஸ் ஏறிருவாவ பாருங்கக்கா" என்றாள். அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். அவள் போனபின் என்னிடம் சொன்னார்:

"நீ ஏன் வேலைய விட்டே? எனக்குத்தான் நல்லாயிட்டுல்லா. நான் மாசக் கடைசில ஊருக்குப் போயிருதேன். கிங்ஸ்லி வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு."

கிங்ஸ்லி அவருடைய பழைய கூட்டாளி; ஊரில் கடலைப் பார்த்த வீடு. அப்பா சந்தோஷத்தில்தான் சொன்னார். என்னை நோகடிக்க நினைக்கவில்லை. அதனால் எனக்கும் கோபம் வரவில்லை.

அன்று அவர் அசந்திருந்தபோது வாக்கரை ஒரு துளை இறக்கினேன். பத்து நாள் கழித்து இன்னொன்று. துளைக்குத் துளை ஒரு அங்குலம், அவ்வளவுதான். குனிந்து நடந்ததில் முதுகு வலித்தது. கூடத்தைத் தாண்டுவதற்குள் உட்கார்ந்துவிடுவார். "ஏளா, நான் கூனிப் போயிட்டனா?" என்று கேட்டார். வயசாகுதுல்லாப்பா என்றேன். அது பொய் இல்லை.

டாக்டர் நிறுத்தச் சொன்ன தூக்க மாத்திரையை நான் நிறுத்தவில்லை. உடன்குடிக் கருப்பட்டி போட்ட காபியில் கசப்பு தெரியாது. வாக்கரை முதலில் இறக்கிய அன்றே பானுவுக்குப் போன் செய்து, அப்பா இனிமேல் பயிற்சி வேண்டாம் என்கிறார் என்றேன். அப்பாவிடம், இனி வந்து பிரயோஜனமில்லை என்று பானு சொல்லிவிட்டாள் என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் பழையபடி என் கழுத்தில் கையைக் கோத்தார்.

பக்கத்து வீட்டு அமலோற்பவம் அக்கா ஊரெல்லாம் என்னைப் பற்றித்தான் பேசினாள். "பெத்தா உன்னய மாதிரி ஒரு பிள்ளையப் பெறணும்ட்டீ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நீங்கள் அவளையும் விசாரித்துக்கொள்ளலாம்.

ஆகஸ்டில் அப்பாவின் பார்வை மாறியது. காபியை வைத்தால், நான் நகரும் வரை தொடமாட்டார். பிறகு போய்ப் பார்த்தால் வாஷ்பேசினில் கருப்பட்டி வாடை அடிக்கும். வாக்கரின் கால்களை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கிரேன் ஓட்டியவர், இயந்திரத்தைச் சந்தேகப்படுவது வழக்கம்தான். என்னைச் சந்தேகப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் பானுவுக்குப் போன் செய்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம் அவள் வந்து நின்றாள். அப்பாவை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, வாக்கரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இத யாரு இறக்குனது?"

"அப்பாதான் உசரம் கூடுதலா இருக்குன்னாவ."

பானு அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். "இருக்கட்டும்மா, சரி பண்ணி வச்சிட்டுப் போ" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவள் போனபின் என்னோடு தனியாக இருக்க வேண்டுமே என்று பயந்தார் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. பானு நாலு காலையும் ஏற்றி, சரியான இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா ஒன்பது மணி வரை காத்திருக்கவில்லை. ஏழு மணிக்கே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வாக்கரில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"எங்கப்பா?"

"கிங்ஸ்லி கார் அனுப்புதான். நான் ஊருக்குப் போறேன்."

"பையப் பைய இறங்குங்க. நான் பிடிச்சுக்கிடுதேன்."

"நீ பிடிக்காண்டாம். தள்ளி நில்லு."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

வாசலில் மூன்று படி. வாக்கரை முதல் படியில் இறக்கி வைத்து அதன் மேல் சாய்ந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதன் காலை என் காலால் முன்னே தள்ளினேன். நாலு விரல் தூரம் இருக்கும்.

கீழே கிடந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஜெர்வின் என்று கூப்பிடவில்லை. நான் வாக்கரை உள்ளே எடுத்துப்போய் இரண்டு துளை இறக்கினேன். உயரம் சரியில்லாமல் தடுமாறி விழுந்தார் என்று சொல்ல வசதியாக இருக்கும். முகம் கழுவினேன். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பானு வந்து, தான் போட்ட கோடு குழாய்க்குள் போய் மறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு நல்ல கண்.

அப்பா ஆஸ்பத்திரியில் சொன்னதை வாசித்துக் காட்டினீர்கள். என் மகளை என் பக்கத்தில் விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். வலி மருந்து கொடுத்திருப்பார்கள்; என்ன பேசுகிறோம் என்றே தெரிந்திருக்காது. மற்றபடி எல்லாம் சரிதான். நான்தான் தள்ளினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

வியாழக்கிழமை அவரை டிஸ்சார்ஜ் செய்கிறார்களாம். இனி எழுந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். ஜெர்வினுக்கு ஒரு வாரம்தான் லீவு. அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஆள் வேண்டாமா, மேடம்?