மாட்டைக் குளிப்பாட்டாதீர்கள்

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவி, அன்புச் சகோதரி உமாதேவி அவர்களே! மலையடிவாரம் வரை தேடி வந்திருக்கும் கால்நடை ஆய்வாளர் விஜயகுமார் அவர்களே! தேவாரம் சந்தையைக்கூட விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! சாணிக் கை காயுமுன்னே ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! முதல் வரிசையில் யார் முகத்தையும் பாராமல் உட்கார்ந்திருக்கும் தம்பி முத்துவீரனே! ஐந்தாம் வார்டு உறுப்பினன் சுருளிராஜன் வணங்குகிறேன்.

'உண்ணி இல்லா ஊராட்சி' என்று பேனர் கட்டியிருக்கிறீர்கள். அந்தப் பெருமையைத் தேடித் தந்தவன் என்று எனக்குப் பொன்னாடை வைத்திருக்கிறீர்கள். போர்த்திக்கொள்ள வரவில்லை நான். போட்டு உடைக்க வந்திருக்கிறேன்.

கைதட்டாதீர்கள்! கைதட்டுகிற பேச்சில்லை இது.

உண்ணியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? மலையில் மேய்ந்த மாடு மடியிலே சுமந்து வரும். மாட்டை விட்டு மனிதன்மேல் ஏறும். காதோரம் கடிக்கும், கக்கத்தில் கடிக்கும், காய்ச்சலைக் கொடுத்துவிட்டுக் கழன்றுகொள்ளும். எந்த ஊரில் எத்தனை என்று எண்ணினால்தானே எந்த ஊருக்கு மருந்து என்று தெரியும்? அதற்காகத்தான் மாசி மாதம் மாட்டுக்கு மாடு எண்ண வருவதாக ஆய்வாளர் சொல்லி அனுப்பினார். "மாடு எப்படி இருக்கோ அப்படியே நிறுத்துங்க" என்றார். கேட்டது இந்தக் காதுதான். ஆனால் ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு இந்த வாய் என்ன சொன்னது? "ஆபீசர் வாராக! மாட்டைச் சுத்தமா வையுங்க! ஊரு மானத்தக் காப்பாத்துங்க!"

சொன்னேனா இல்லையா? "சொன்னீகண்ணே" என்கிறார் பின்னால் ஒருவர். ஆமய்யா, சொன்னேன்.

விருந்தாளி வருகிறார் என்றால் வாசலைக் கழுவுகிற ஆட்கள் நாம். ஊரே ஓடைக்குப் போனது. வேப்பெண்ணெய் தடவினோம், மஞ்சள் பூசினோம், கொம்பைத் துடைத்தோம். முத்துவீரன் சம்சாரம் பாண்டியம்மாள் ஒன்பது மாட்டிலும் ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கி, நகத்தில் வைத்து நசுக்கினாள். "பொழுதுக்கும் இங்கனயே குத்தவச்சிருக்கியே, போதும் ஆத்தா" என்றேன். "ஒன்னு தப்பிச்சாலும் நம்ம ஊருக்குத்தான கேவலம்ணே?" என்றாள்.

மறுநாள் மாட்டின் காதைப் புரட்டிப் பார்த்தார்கள், மடியைத் தடவிப் பார்த்தார்கள், வாலைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒன்றுகூட இல்லை! எண்ணெய் வாசத்துக்கு ஆய்வாளர் புருவத்தை உயர்த்தினார். "எங்க ஊரு மாடு எப்பவும் இப்படித்தான் சார்" என்று அளந்துவிட்டேன். தாளில் சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். மருந்து தெளிக்கும் வண்டி நம்மைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

ஒரு வாரத்தில் பாண்டியம்மாளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் நான். "உண்ணி கடிச்சிருக்குமா?" என்று டாக்டர் கேட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன்? "எங்க ஊர்ல உண்ணியே கிடையாது டாக்டர், எழுதியே குடுத்திருக்காக" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்! வேறு காய்ச்சலுக்கு வைத்தியம் நடந்தது. நாலாம் நாள் நர்ஸம்மா தலைமுடியை விலக்கினால், காதுக்குப் பின்னால் உண்ணி கடித்த கறுத்த வடு. மருந்தை மாற்றினார்கள். ஐந்தாம் நாள் அவள் இல்லை.

மாட்டைக் கழுவினோமே, என் கையெழுத்தை எந்த ஓடையில் கழுவுவேன்? மஞ்சள் பூசினோமே, என் முகத்தில் எதைப் பூசுவேன்? ஊர் மானம், ஊர் மானம் என்றேனே, ஊரில் ஒருத்தி உயிரைவிடவா ஊர் மானம்?

நாளைக்கு மறுபடியும் எண்ண வருகிறார்கள். காலில் விழுந்து கேட்கிறேன், மாட்டைக் குளிப்பாட்டாதீர்கள்! சேறோடு நிற்கட்டும், உண்ணியோடு நிற்கட்டும், பார்க்கிறவர்கள் காறித் துப்பட்டும்.

கேட்பீர்களா? எனக்கு நம்பிக்கையில்லை. இன்று காலையில் வரும் வழியில் ஓடையைப் பார்த்தேன். முத்துவீரன் அதே ஒன்பது மாடுகளைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தான். "ஏலே, நீயுமாடா?" என்றேன்.

"அழுக்கோட நிறுத்துனா அவ மனசு தாங்காதுண்ணே" என்றான்.

தலைவி அவர்களே, அந்தப் பொன்னாடையை மடித்து வைத்துவிடுங்கள். இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.