கள்ளப்பூனை விதி

— அந்த விதியை அணைச்சிடலாம் அண்ணி. நாலு கஸ்டமர் திட்டிட்டாங்க.

— அணைக்கிறதா? உங்கண்ணன் கடைசியா எழுதின விதிடா அது. அவர் போய் முழுசா மூணு மாசம் ஆகலை. அதுக்குள்ள அவர் கைபட்டதை அழிக்கப் பாக்குறியா?

— அய்யோ, அப்படி இல்ல அண்ணி. வந்து... ரொம்ப சத்தம் போடுது அது. நல்லா ஓடிக்கிட்டு இருக்குற புரோகிராம் கோடுலகூட எச்சரிக்கை காட்டுது.

— ஓடுறதெல்லாம் சரின்னா நம்ம கம்பெனியே எதுக்கு? கோடை ஓட்டாமலே படிச்சுத் தப்பு சொல்ற கருவின்னு ஊரெல்லாம் வித்துட்டு, இப்ப வந்து ஓடுதே ஓடுதேன்னா?

— நீங்க தப்பு தேடுற டெஸ்டர், உங்களுக்குப் புரியுது. அவங்களுக்குப் புரியலையே.

— புரியலைன்னா புரியவை. உதவிப் பக்கத்துல அந்த விதிக்குக் கீழ ஒரு வரி இருக்கா? காலியாக் கெடக்கு. நீ சொல்லு, நான் தட்டுறேன்.

— இப்பவா?

— இல்ல, ஜோசியரைக் கேட்டுட்டு. நாற்காலியை இழுடா. அது வேண்டாம், அது அவரோடது. ஜன்னல் பக்கம் இருக்குறதை எடு.

— சரி சரி. அதாவது அண்ணி, ஒரே வரியில, ஆளுக்கொரு சின்ன வேலை செய்யுற ரெண்டு பங்ஷனைக் கூப்பிட்டு, ரெண்டு விடையையும் கூட்டுறோம்னு வெச்சுக்கோங்க. எதை முதல்ல கூப்பிடணும்னு அந்தக் கம்ப்யூட்டர் மொழி சொல்றதே இல்ல. கோடை மெஷினுக்குப் புரியவெக்கிற ஒரு கம்பைலர் இடது பக்கத்துல ஆரம்பிக்கும், இன்னொன்னு வலது பக்கத்துல ஆரம்பிக்கும். ரெண்டும் சரிதான்.

— எது முதல்ல போனா என்ன, கூட்டினா ஒண்ணுதானே வரப் போகுது?

— ரெண்டும் சும்மா பாத்துட்டு வந்தா ஒண்ணுதான். அதுல ஒண்ணு, பாக்குறேன்னு சொல்லிட்டு உள்ள எதையாவது மாத்திட்டு வந்துச்சுன்னா போச்சு.

— அதான் கள்ளப்பூனை.

— ஆமா. அண்ணன் வெச்ச பேரு. சும்மா பாத்துட்டு வரேன்னு சமையல்கட்டுக்குள்ள போகுமாம், பாலைக் குடிச்சுட்டு வருமாம்.

— எனக்கே சொல்றியா? சாப்பிடுறப்பகூட இதே பேச்சுதான். நான் ராத்திரி ஃப்ரிட்ஜைத் திறந்தா போதும், “என்ன கள்ளப்பூனை, பாக்க மட்டும்தானே?”ம்பாரு. படுபாவி, ஒரு நாள் நிம்மதியாத் திங்க விட்டதில்ல. ஏன் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்புற? அவரைப் பத்திப் பேசலாம்டா. பேசினா நான் ஒண்ணும் ஆயிட மாட்டேன்.

— நல்லா இருக்கீங்களா அண்ணி? நிஜமா?

— நல்லா எங்க இருக்கேன். தூங்குறேன், அது போதும். அதுவும் அந்த நீல டிக் புண்ணியத்துல தூங்குறேன்.

— அம்மா சொன்னாங்க.

— அத்தை பாதிதான் சொல்லியிருப்பாங்க. அன்னிக்குக் காலையில சண்டை. லீவு நாள்ல என்ன ஆபீஸுன்னு கேட்டேன். இந்த விதிக்கு உதவிப் பக்கம் ஒண்ணுதான் பாக்கின்னாரு. வாசல்ல நின்னு கத்தினேன், “அங்கேயே படுத்துக்கோங்க, இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க”ன்னு. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டாரு. பதில் பேசலை.

— விடுங்க அண்ணி.

— கேளுடா. பைக் தெருமுனை தாண்டியிருக்காது, போனை எடுத்துட்டேன். உடனே மெசேஜ் போட்டேன். “கோவமெல்லாம் போச்சு. சாயங்காலம் சீக்கிரம் வந்துடுங்க”ன்னு. போனவரு இந்த ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்துட்டாரு, அங்கதான் லாரி மோதிச்சு. எல்லாம் முடிஞ்சு எப்பவோ போனை எடுத்துப் பாக்குறேன், டிக் ரெண்டும் நீலமா இருக்கு. படிச்சிருக்காருடா. சிக்னல்ல நின்னப்ப எடுத்துப் பாத்திருப்பாரு. அப்போ வாசல்ல நான் கத்தினது கடைசி வார்த்தை இல்ல, புரியுதா? அது மட்டும் இல்லைன்னா நானும் பின்னாடியே போயிருப்பேன்.

— அப்படியெல்லாம் பேசாதீங்க அண்ணி.

— பேசலை. எழுதலாம் வா. சின்னப் பிள்ளைக்கும் புரியுற மாதிரி ஒரு உதாரணம் சொல்லு.

— தண்ணித் தொட்டி போடலாம். ஒரு பங்ஷன் எவ்வளவு தண்ணி இருக்குன்னு பாக்கும், இன்னொன்னு குழாயைத் திறந்துவிடும்.

— குழாயைத் திறந்துவிடும்னு பேர்லயே சொல்லியாச்சே, அதுல என்ன கள்ளத்தனம்? பாத்தா பரம சாது மாதிரி இருக்கணும்டா.

— அப்போ, டோக்கன் மெஷின். அடுத்த நம்பர் என்னன்னு கேட்டாலே நம்பர் ஒண்ணு ஏறிடும்.

— சவசவன்னு இருக்கு. இரு, எனக்கே ஒண்ணு தோணுது. போன் போடலாம்.

— போன் வேண்டாம் அண்ணி.

— ஏன் வேண்டாம்? எல்லார் கையிலயும் இருக்கு. ஒரு பங்ஷன், படிக்காத மெசேஜ் எத்தனைன்னு எண்ணுது. இன்னொன்னு, கடைசியா வந்ததைப் பாக்குது. பாக்கத்தான் செய்யுது, ஆனா பாத்த உடனே அது படிச்சதா ஆயிடுதில்ல? எண்ணுறது முதல்ல நடந்தா ஒண்ணு. பாக்குறது முதல்ல நடந்தா பூஜ்யம். அசல் கள்ளப்பூனை! உங்கண்ணன் இருந்திருந்தா துள்ளிக் குதிச்சிருப்பாரு.

— தொட்டியே நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி. அதையே போடுங்களேன்.

— சும்மா இரு, இப்பதான் வேகம் வந்திருக்கு, கலைக்காத. “படித்ததற்கான குறி மாறியிருந்தால், செய்தியை யாரோ திறந்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் பொருள். எப்போது திறந்தார்கள், யார் திறந்தார்கள் என்பது குறியில்...”

— ஏன் நிறுத்திட்டீங்க? தண்ணி கொண்டாரட்டுமா அண்ணி?

— அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்து எனக்கு போன் வந்துச்சே.

— ம்.

— அவர் பேருதான் திரையில வந்துச்சு. எடுத்த உடனே, “சாப்பிட்டீங்களா?”ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் நீ அழுத.

— அன்னிக்கு நானும் இங்க வந்திருந்தேன், கீழ வாசல்ல சத்தம் கேட்டு ஓடினேன் அண்ணி, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். என் போன் இங்கேயே மேஜை மேல கெடந்துச்சு. உங்க நம்பர் எனக்கு மனப்பாடம் இல்ல. உங்களைக் கூப்பிடணும், வேற வழி தெரியலை.

— பூட்டியிருந்திருக்குமே.

— அண்ணன் விரலை எடுத்து வெச்சேன்.

— அப்புறம்?

— உங்க பேரைத் தேடணும்னு பாத்தா, திரை மேலேயே உங்க மெசேஜ் நின்னுச்சு. கை பட்டுடுச்சு. திறந்துக்கிச்சு.

— அதுவரைக்கும் திறக்காமத்தான் இருந்துச்சா?

— ஆமா அண்ணி.

— ஏண்டா எங்கிட்ட சொல்லலை?

— சொல்லணும்னுதான் மறுநாள் வந்தேன். அதுக்குள்ள அம்மா, “படிச்சுட்டுத்தான் போனானாம், அதனால ரெண்டு வாய் சாப்பிட்டா”ன்னாங்க. அப்புறம் எப்படி அண்ணி சொல்வேன்?

— அவர் காதுல படுற மாதிரி படிச்சாவது காட்டினியா?

— இல்ல அண்ணி.

— விரல் சூடா இருந்துச்சாடா? அதையாவது சொல்லு.

— சூடு இருந்துச்சு அண்ணி. மூச்சுதான் இல்ல.