பத்து கஜச் சங்கிலி

இல்ல தம்பி, கோப்பை ஆட்டத்துக்கு மூவாயிரம் பேர் வந்தாங்கன்னு ரேடியோவுல சொன்னது சும்மா. ஆயிரத்து எழுநூத்தி நாப்பது. நானே எண்ணினேன். படிக்கட்டு பதினோரு வரிசை, வரிசைக்கு இத்தனை தலைன்னு. வேலி மேல ஏறி உக்காந்ததுங்க தனிக்கணக்கு. மைதானத்துக்குள்ளன்னு பாத்தா பச்சைச் சட்டை நாப்பத்திரெண்டு, மஞ்சள் சட்டை முப்பத்தொன்பது, நடுவருங்க அஞ்சு, பாண்டு வாசிக்கிற பிள்ளைங்க இருபத்தாறு. ஆம்புலன்ஸ்ல ரெண்டு பேர், அதுல ஒருத்தர் தூங்கிட்டிருந்தாரு. பாஸ்டர் ஒருத்தர், ஊர்த் தலைவருங்க ஏழு பேர், நாய் நாலு. அப்புறம் நோட்டுப் புத்தகத்தோட நீங்க. தூரம் அளக்கிற சங்கிலிக்காரங்க நாங்க மூணு பேர். அவ்வளவுதான்.

என்னைப் பாக்கலியா? பாத்திருக்க மாட்டீங்க. சங்கிலிக்காரனை யாரு பாப்பா? ஆரஞ்சு சட்டைன்னு ஒண்ணு நடமாடினது ஞாபகம் இருக்கா? அதுக்குள்ள நான்தான் இருந்தேன். லஃபாயெலேன்னு பேரு. இருபத்திரெண்டு வருஷமா பின்கம்பு என் கையிலதான்.

நகர்ந்து உக்காருங்க, பை இருக்கட்டும். விமானத்துக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே. இந்தாங்க, பானிகேகே. வீட்ல பொரிச்ச மாவு உருண்டை, சூடு ஆறல. எடுத்துக்குங்க, வேண்டாம்னு சொன்னா என் வீட்டுக்காரி ஃபுவாட்டினோ என்னைத்தான் கேப்பா. அவளுக்கு நான் இங்க வந்தது தெரியும். எதுக்கு வந்தேன்னு தெரியாது.

சும்மாதான் வந்தேன். ஏர்போர்ட் பாத்து ரொம்ப நாளாச்சு.

ரேடியோவுல நீங்க பேசினதையும் கேட்டேன். உங்க காலேஜ் டீம்ல இன்னும் ஒரே ஒரு இடம் இருக்குன்னீங்க. பச்சையில அந்த நெட்டைப் பையனா, மஞ்சள்ல பெனியாமினாவான்னு விமானம் ஏறுறதுக்குள்ள முடிவு பண்ணிடுவேன்னீங்க. பண்ணியாச்சா? ...சரி சரி, சொல்ல வேண்டாம். நான் கேக்கக் கூடாதுதான். எங்க ஊர் பச்சை. அந்த நெட்டையன் எங்க பக்கத்து வீடு. போதுமா? இப்ப நான் யாருக்காக வந்திருக்கேன்னு உங்களுக்கே தோணியிருக்கும். தோணட்டும்.

நான் பெரிசா படிச்சவன் இல்ல தம்பி. டின்மீன் கம்பெனியில முப்பத்தோரு வருஷம் பெட்டி எண்ணினேன். கப்பல்ல ஏறுற ஒவ்வொரு பெட்டியும் என் கண்ணைத் தாண்டித்தான் போகணும். ஒரு பெட்டி குறைஞ்சதில்ல, கூடினதில்ல. அதைப் பாத்துத்தான் பள்ளிக்கூடத்துக்காரங்க சங்கிலியைக் கையில குடுத்தாங்க. எனக்குக் கூட்டம்னா கூச்சம். ஆனா கம்பைப் பிடிச்சு நின்னா யாரும் நம்மகிட்ட பேச வேண்டியதில்ல பாருங்க. அதான் பிடிச்சுப் போச்சு.

பேச மாட்டாங்கதான், கத்துவாங்க. அன்னிக்கும் கத்தினாங்க. ஏ கிழவா, சங்கிலியை நீட்டிப் பிடி, உன் சம்பளமா குறையப் போகுதுன்னு ஒருத்தன். கண்ணாடி போட்டியா, இல்ல டின்மீனை நினைச்சுக்கிட்டு நிக்கிறியான்னு இன்னொரு சத்தம். திரும்பிப் பாத்தா எங்க வீட்டு ஃபுவாட்டினோ! சொந்தப் பெண்டாட்டி, தம்பி!

மழை பேஞ்சது ஞாபகம் இருக்கா? மூணாவது பாதிக்கு அப்புறம்... இல்ல, கால்னு சொல்லணும், நாலு கால்தானே ஆட்டம். மூணாவது கால் முடியிறப்ப பேஞ்சது, பதினேழு நிமிஷம். பந்தும் வழுக்குது, ஆளும் வழுக்குது. பச்சை பதினாலு, மஞ்சள் பத்து. கடைசி ஒரு நிமிஷம் சொச்சம். பந்து மஞ்சள் கையில.

உங்களுக்குத் தெரியாததா, நீங்களே ஆடினவரு. பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடி நாலு தடவைக்குள்ள பத்து கஜம் முன்னேறணும். முன்னேறினா இன்னொரு நாலு தடவை கிடைக்கும், இல்லேன்னா பந்து எதிராளிக்கு. அந்தப் பத்து கஜம்தான் எங்க சங்கிலி. பந்து கிளம்பின இடத்துக்கு நேரா, ஓரக்கோட்டுல நான் பின்கம்பை ஊனுவேன். சங்கிலி நீளுற இடத்துல எட்டுவாட்டின்னு என் கூட்டாளி, அவன் முன்கம்பை ஊனுவான். மூணு தடவையில மஞ்சளுக்கு எட்டு கஜம் ஆச்சு. இன்னும் ரெண்டு. நாலாவது தடவை பந்தைப் பெனியாமினா கையில குடுத்தாங்க. நீங்க அப்ப எழுதிக்கிட்டிருந்தீங்களோ, பாத்துக்கிட்டிருந்தீங்களோ... பாத்தீங்களா, நல்லது. பச்சையில ரெண்டு பேர் இடுப்பைப் பிடிச்சுத் தொங்குறாங்க, ஒருத்தன் காலை. மூணு பேரையும் இழுத்துக்கிட்டு போயி சேத்துல விழுந்தான்.

நடுவர் எங்களைக் கூப்பிட்டாரு. சங்கிலியைத் தூக்கிக்கிட்டு உள்ள போனோம். அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பாத்தாங்க. எட்டுவாட்டி இழுத்துப் பிடிச்சான். பந்து முன்கம்பைத் தொடல. என் விரலை வச்சுப் பாத்தேன். நாலு விரல் இடைவெளி.

அவ்வளவுதான், பச்சைக்குக் கோப்பை. சனம் உள்ள பாஞ்சது. பச்சைப் பிள்ளைங்க கழுத்துல மிட்டாய் மாலை, பூ மாலை, மூக்கு மறையிற வரைக்கும் போட்டாங்க. மஞ்சள் பக்கமும் அவங்க சனம் போட்டாங்க, சும்மா சொல்லக் கூடாது. பெனியாமினா கழுத்துல மட்டும் ஒன்பது மாலை. அதோட நேரா என்கிட்ட வந்தான். நான் சங்கிலியைச் சுத்திக்கிட்டிருந்தேன். அடிப்பானோன்னு ஒரு அடி பின்னால வச்சேன். அவன் குனிஞ்சு மறுமுனையை எடுத்துக் குடுத்துட்டு, என் கால்தான் பெரியப்பா வழுக்கிடுச்சு, நீங்க சரியாத்தான் பிடிச்சீங்கன்னு சொல்லிட்டுப் போனான்.

மூணு ராத்திரியா அது காதுலயே இருக்கு.

நீங்க ரேடியோவுல என்ன சொன்னீங்க? பையன் நல்லவன், ஆனா கடைசி அடியில சுணங்கிட்டான்னு. ஆமா, அந்த வார்த்தையேதான். நோட்டுலயும் அதான் இருக்குமோ? ...காட்ட வேண்டாம், காட்ட வேண்டாம். இன்னொரு பானிகேகே எடுத்துக்குங்க.

தம்பிக்கு ஹவாய்ல பிறப்புன்னாங்க. ஆனா அப்பா அம்மா நம்ம தீவு ஆளுங்க, வளர்ப்பு தெரியுது, நான் வந்ததும் காலை மடக்கி உக்காந்தீங்களே. அதனால இது உங்களுக்குப் புரியும். வெளிநாட்டுக்காரன்கிட்ட சொன்னா சிரிப்பான்.

மழைத் தண்ணி தலைவருங்க கூடாரத்துக்குள்ள புகுந்துடுச்சு. ஏழு பேரும் நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டாங்க. ஆறு நாற்காலி ஓரக்கோட்டுக்கு வெளியில நின்னுச்சு. எங்க ஊர்ப் பெரிய தலைவர் நாற்காலி கோட்டு மேலயே வந்துடுச்சு. அவரு கனமான ஆளு, நாலு காலும் சேத்துல இறங்கி உக்காந்துடுச்சு. கையில இளநி. மஞ்சளோட அந்தக் கடைசி நாலு தடவை ஆரம்பிக்கிறப்ப நடுவர் எனக்குக் காட்டின இடம் எது தெரியுமா? அவரோட ரெண்டு முழங்காலுக்கு நட்ட நடுவுல.

சிரிக்காதீங்க. சிரிங்க, பரவாயில்ல.

என்ன செய்வேன்? தலைவரே, கொஞ்சம் எழுந்திரிங்கன்னு சொல்றதா? ஆயிரத்து எழுநூத்தி நாப்பது பேர் முன்னால? உக்காந்திருக்கிற தலைவர் முன்னால நாம நிமிர்ந்து நடக்கவே கூடாது. தோள்ல இருக்கிற கம்பை இடுப்புக்குக் கீழ இறக்கினேன், குனிஞ்சேன், துலோ, துலோன்னு மன்னிப்புக் கேட்டுக்கிட்டே அவரைத் தாண்டினேன். அவரு தலையை அசைச்சாரு. நாற்காலிக் காலுக்கு அந்தப் பக்கம், மஞ்சள் போற திசையில கம்பை ஊனிட்டேன். நான் நகர்ந்தா சங்கிலி நகரும், சங்கிலி நகர்ந்தா எட்டுவாட்டியும் நகரணும். நகர்ந்தான். அவன் எதுக்குன்னு கேக்கல. அந்த நேரத்துல எனக்கும் தோணல, மரியாதைதான் தோணிச்சு.

ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். திங்கக்கிழமை விடிஞ்சதும் மைதானத்துக்குப் போனேன். சேறு காஞ்சு போயி நாற்காலிக் குழி நாலும் அச்சு மாதிரி இருந்துச்சு. பக்கத்துல என் கம்புக் குழி. முட்டி போட்டு அளந்தேன். மூணு தடவை.

ஊர்ல சொல்ல முடியாது தம்பி. சொன்னா தலைவர் நாற்காலி மேல பழி போட்ட மாதிரி ஆகும். கோப்பையை வச்சு ஜெபமும் பண்ணியாச்சு, ஆறு பன்னியும் சுட்டுத் தின்னாச்சு. கோப்பை இருக்கட்டும், அதை நான் கேக்கல. எங்க நெட்டையனும் நல்ல பையன்தான், அவனையும் குறைச்சுச் சொல்லல. உங்க நோட்டுல அந்த ஒரு வார்த்தை மட்டும் தப்பு.

பேனா இருக்கா? நடுவர் காட்டின இடத்துல இருந்து என் கம்புக் குழி பதினாலு விரல் முன்னால. பையனுக்கு எட்டாமப் போனது நாலு. கழிச்சுப் பாருங்க. நான் கழிச்சுட்டேன், ஆனாலும் நீங்களும் ஒரு தடவை கழிச்சுப் பாருங்க. அவன் சுணங்கல தம்பி. தாண்டி, அதுக்கு மேலயும் பத்து விரல் போய்த்தான் விழுந்திருக்கான்.