சனிக்கிழமை ஒப்படைப்பு

நமுகோலோ: ...அதெல்லாம் அப்புறம் பேசலாம், லிகாண்டோ. முதல்ல என்ன சாப்பிட்டேன்னு சொல்லு.

லிகாண்டோ: ஆரம்பிச்சுட்டியா? லுசாகா வானத்தை என்கிட்ட ஒப்படைக்கப் போற, நமுகோலோ. காத்து எப்படி, எந்த ஓடுபாதை, எத்தனை விமானம்... இதுதான் வரிசை. இதுல சாப்பாடு எத்தனாவது வரியில வருது?

நமுகோலோ: என் வரிசையில முதல் வரி. சொல்லு.

லிகாண்டோ: ரொட்டி. நடுவுல கோழின்னு சொல்லி ஏதோ ஒண்ணு.

நமுகோலோ: சூடாவா?

லிகாண்டோ: மான்செஸ்டர்ல எது சூடா இருக்கு? கிடங்குல நாள் பூரா பெட்டி தூக்கிட்டு வந்து அடுப்பு பத்த வைக்க எவனுக்குத் தெம்பு இருக்கு...

நமுகோலோ: கொஞ்சம் சத்தமா பேசேன்.

லிகாண்டோ: காது போச்சா உனக்கு?

நமுகோலோ: ஆமா, போச்சு. உங்கம்மாகிட்ட பேசினியா?

லிகாண்டோ: பாரு, அடுத்த வரி... பேசினேன், பேசினேன். நேத்துகூடப் பேசினேன். அரை மணிநேரம்.

நமுகோலோ: அரை மணிநேரமா?

லிகாண்டோ: விட்டாத்தானே. முழங்கால் வலி, பக்கத்து வீட்டுக் கோழி, சர்ச்சுல யாருக்கும் யாருக்குமோ சண்டை. ஒரே புராணம். தைலம் தடவிக்கோ, சோலார் போட்டுக் குடுத்திருக்கேன்ல, உக்காந்து டிவி பாருன்னு சொல்லி வச்சேன்.

லிகாண்டோ: ...நமுகோலோ?

லிகாண்டோ: ஏய், எங்க போயிட்ட?

நமுகோலோ: ...இருக்கேன். மைக்கை அணைச்சிருந்தேன்.

லிகாண்டோ: அதானே பாத்தேன். உன் ஊர்ல கரண்ட் போயிடுச்சோன்னு நினைச்சேன்.

நமுகோலோ: உன் ஊராம்ல. அதுக்குள்ள அது என் ஊர் மட்டும் ஆயிடுச்சா... இரு, ஒருத்தர் கூப்பிடுறார். நாலு ரெண்டு ஏழு, ஆறாயிரம் அடிக்கு இறங்குங்க. ஆமா, ஆறாயிரம்... சரி, சொல்லு.

லிகாண்டோ: ஹராரேக்காரரா?

நமுகோலோ: அவரேதான். நிஜத்துல பல் டாக்டராம். வீட்டு மேஜையில உக்காந்து ஜெட் ஓட்டுறார். பொண்டாட்டி கூப்பிட்டா விமானத்தை நடுவானத்துல விட்டுட்டுப் போயிடுவார்.

லிகாண்டோ: நாம மட்டும் ஒழுங்கா? கம்ப்யூட்டர்ல பறக்குற பொம்மைக்கு வழி சொல்லிட்டு, ஒத்தைக் குவாச்சா சம்பளம் இல்லாம...

நமுகோலோ: துரை, கொஞ்சம் நிறுத்து. யார் எந்த நாள் உக்காரணும்னு ஆள் போடுற பொறுப்பாளர் பேசுற பேச்சா இது? அதான் கேக்கணும்னு இருந்தேன். அடுத்த சனிக்கிழமை முறையில என் பேரைக் காணோமே.

லிகாண்டோ: ...பாத்துட்டியா.

நமுகோலோ: பாக்கக் கூடாதா?

லிகாண்டோ: இல்ல, நானே சொல்லலாம்னு...

நமுகோலோ: எப்ப? விழா முடிஞ்சப்புறமா? வருஷம் பூரா இந்த வெறும் வானத்தைக் காவல் காத்தவ நான். ஒரு சாயந்தரத்துக்கு ரெண்டு விமானம் வந்தாப் பெரிய விஷயம். அடுத்த சனிக்கிழமை விழாவுக்கு உலகம் பூராவுலேருந்தும் லுசாகாவுக்குப் பறந்து வராங்க. சாப்பாடு பரிமாறுற நேரத்துல என்னைப் பந்தியிலேருந்து எழுப்பி விடுற.

லிகாண்டோ: உன் இடத்துல ஜெர்மன்காரர் ஒருத்தர் உக்காருறார். நல்ல ஆள். பிராங்பர்ட்ல கூட்டத்தைச் சமாளிச்சுப் பழகினவர்.

நமுகோலோ: லுசாகாவைக் கண்ணால பாத்திருக்காரா?

லிகாண்டோ: நாம பிராங்பர்ட்டைப் பாத்திருக்கோமா?

நமுகோலோ: நாம அவங்க நாற்காலியில போய் உக்காரலையே. சரி, விழா அன்னிக்கு மட்டும்தானே? அதுக்கடுத்த வாரம் பழையபடி நான் முதல் முறை, நீ ரெண்டாவது முறை. அப்படித்தானே?

லிகாண்டோ: இல்ல. இனிமே எல்லா சனிக்கிழமையும் அவர்தான்.

நமுகோலோ: எல்லாமுமா?

லிகாண்டோ: புது விதி வந்திருக்கு. தினம் கரண்ட் போற ஊர்ல இருக்கிறவங்களுக்கு நிரந்தர முறை கிடையாது.

நமுகோலோ: யார் போட்டது?

லிகாண்டோ: மேலேருந்து.

நமுகோலோ: மேலேன்னா? மேகத்துலேருந்தா?

லிகாண்டோ: மேலிடம்னா மேலிடம்...

நமுகோலோ: பேர் சொல்லு.

லிகாண்டோ: ...நான்தான் எழுதிக் குடுத்தேன். போதுமா?

நமுகோலோ: நீயா? இதே ஊர்ல, மாட்டெரோவுல மெழுகுவர்த்தியை வச்சிட்டுப் பரீட்சைக்குப் படிச்சவன்டா நீ.

லிகாண்டோ: படிச்சவனுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு நேரம் எரியும்னு. கரிபா அணையில தண்ணி இல்ல, அங்க மின்சாரம் இல்ல. அதுக்கு நான் என்ன பண்றது? அஞ்சு விமானம் உன் கையில இருந்துச்சு. கரண்ட் போச்சு, நீயும் காணாமப் போயிட்ட. யார்கிட்டயும் ஒப்படைக்கல. ரெண்டு பேர் ஒரே உயரத்துல நேருக்கு நேர் வந்தாங்க.

நமுகோலோ: கம்ப்யூட்டர்ல.

லிகாண்டோ: கம்ப்யூட்டர்லதான். ஆனா விடியக்காலையில எழுந்திரிச்சு அவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தவன் சும்மா இருப்பானா? எனக்குத்தான் திட்டு விழுந்துச்சு. ஆப்பிரிக்காக்காரங்கன்னாலே இப்படித்தான்னு ஒருத்தன் எழுதினான். என் பேருக்குக் கீழேயே எழுதினான்.

நமுகோலோ: அவன் எழுதினதை நீ விதியாக்கிட்ட.

லிகாண்டோ: ...அப்படி இல்ல.

நமுகோலோ: வேற எப்படி? அது மழை நின்ன புதுசுல நடந்தது. அதுக்கப்புறம் ஒரு சனிக்கிழமையாவது நான் அறுந்து போனேனா?

லிகாண்டோ: இல்ல.

நமுகோலோ: ஒரு நொடி?

லிகாண்டோ: இல்லன்னுதானே சொல்றேன். அதுதான் எனக்கும் புரியல. லுசாகாவுல இருக்கிற பயலுக எல்லாரும் இருட்டு இருட்டுன்னு அழுறானுங்க. உனக்கு மட்டும் எப்படிக் கரண்ட் இருக்கு? உன் வீட்லேருந்துதான் பேசுறியா?

நமுகோலோ: ...இல்ல.

லிகாண்டோ: அப்ப எங்கேருந்து? யாரு அங்க இருமுறது?

நமுகோலோ: பக்கத்துல.

லிகாண்டோ: பக்கத்துலன்னா?

நமுகோலோ: பக்கத்துலன்னா பக்கத்துல. இரு... நாலு ரெண்டு ஏழு, இடது பக்கம் திரும்புங்க. நேரா பாதை தெரியும்... ம்.

லிகாண்டோ: கேளு. விதியில நானே ஒரு வழி விட்டு வச்சிருக்கேன். உனக்காகத்தான் விட்டேன், நம்பினா நம்பு. கரண்ட் போகாத இடம் ஒண்ணைப் பதிஞ்சு வச்சா, அவங்களுக்கு முறை உண்டு. யார் வீடுன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஜெர்மன்காரரை வேற நாளுக்கு மாத்திட்டு, இப்பவே உன் பேரைப் போட்டுடறேன்.

நமுகோலோ: நிஜமாவா?

லிகாண்டோ: நிஜமா. ஒரே ஒரு வார்த்தை.

நமுகோலோ: ...முடியாது.

லிகாண்டோ: ஏன்?

நமுகோலோ: சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

லிகாண்டோ: யாருக்கு? ...ஓஹோ. அப்படிப் போகுதா கதை. ஜெனரேட்டர் வச்ச எவனோ பெரிய மனுஷன்...

நமுகோலோ: வாயை மூடுடா.

லிகாண்டோ: கோபம் வருதே. அப்ப உண்மைதான்.

நமுகோலோ: லிகாண்டோ, வேண்டாம். இங்க உக்காந்து இந்த மாதிரி பேசாத.

லிகாண்டோ: நான் எங்க அங்க உக்காந்திருக்கேன்? சொல்லித் தொலையேன். தெரிஞ்சா என்ன ஆயிடும்?

நமுகோலோ: உனக்குத் தெரிஞ்சுட்டா, அப்புறம் நான் இங்க வந்து உக்காருறதுல அர்த்தமே இல்ல.

லிகாண்டோ: தலையும் புரியல, வாலும் புரியல.

நமுகோலோ: புரிய வேண்டாம். எனக்கு இந்த நாற்காலி வேணும். விழாவுக்காக மட்டும் கேக்கல. விழாவை வேணும்னா அந்த ஜெர்மன்காரருக்கே குடு. மத்த சனிக்கிழமை... நீ வந்து என்கிட்ட வாங்கிக்கிற இந்தக் கொஞ்ச நேரம்... அதை மட்டும் விட்டு வை. கெஞ்சிக் கேக்குறேன்.

லிகாண்டோ: உனக்கு ஒருத்திக்காக நான் விதியை வளைச்சா, நாளைக்கு எல்லாரும் என் தலையில ஏறுவாங்க. இடத்தைச் சொன்னா முறை. இல்லன்னா இல்ல. சொல்றியா?

நமுகோலோ: ...எடுத்துக்கோ. காத்து கிழக்குலேருந்து, லேசா. ஓடுபாதை ஒண்ணு சைபர். மூணு விமானம் இருக்கு. பல் டாக்டர் ஆறாயிரத்துல, இறங்குற வரிசையில முதல் ஆள். லிவிங்ஸ்டன்லேருந்து வர்றவரை அவருக்குப் பின்னாடி விடு, அவசரப்படுவார், விட்டுடாத. மூணாவது என்டோலா போறது, ஏறிட்டிருக்கு. சின்னப் பையன், புதுசு. ரெண்டு தடவை சொன்னாத்தான் புரியும். திட்டாத.

லிகாண்டோ: ஒண்ணு சைபர். டாக்டர் முதல், லிவிங்ஸ்டன் பின்னாடி, என்டோலா ஏறுது. புதுப் பையன், திட்டக்கூடாது.

நமுகோலோ: சரி. வானம் உன்னுது.

லிகாண்டோ: வானம் என்னுது. ...இங்க பாரு, கோச்சுக்காத. உன்னை மாதிரி சுத்தமா ஒப்படைக்கிற ஆள் இல்ல. அது எனக்குத் தெரியாதா?

நமுகோலோ: கடைசிக் கேள்வியைக் கேளு. விதிப்படி.

லிகாண்டோ: அது எதுக்கு இப்ப?

நமுகோலோ: கேளுன்னா கேளு. விதின்னா உனக்கு உயிராச்சே.

லிகாண்டோ: சரி தாயே. சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா?

நமுகோலோ: என்கிட்ட எதுவும்... என்ன? நீங்களா? வேண்டாமே... சரி, இந்தாங்க. இதை அமுக்கிட்டுப் பேசுங்க.

லிகாண்டோ: யார்கிட்ட பேசுற? நமுகோலோ? யாரு அங்க?

அம்மா: ஒண்ணு விட்டுப் போச்சுப்பா. என் முழங்கால் நல்லாத்தான் இருக்கு. நேத்து அரை மணிநேரம் உன்கூடப் பேசினது யாருன்னு எனக்குத் தெரியல. கரண்ட் எங்கேருந்துன்னு இந்தப் பொண்ணை அவ்வளவு குடைஞ்சியே, நீ போட்டுக் குடுத்த சோலார்தான். மழை நின்னதுலேருந்து உன் போனே வரல. வாராவாரம் இவ பக்கத்துல உக்காந்து, நீ என்ன சாப்பிட்டேன்னு காதால கேட்டுட்டு எந்திரிச்சுப் போவேன். நான் இருக்கேன்னு தெரிஞ்சா உன் குரல் மாறிடும்னு, சொல்லாதேன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். எனக்குன்னு இருந்தது சனிக்கிழமை ஒண்ணுதான். அதைத்தான் ஜெர்மன்காரருக்குக் குடுத்துட்ட.